இருநூற்றுப் பத்து கிராம் ஜெர்கின்

சரளாவைப் பற்றிச் சொல்வதென்றால் இடது கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவளுடைய கை இல்லை, ஜெர்கினின் இடது கை. ஓசூர் ரோட்டில் எங்கள் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் 1992-ல் சேர்ந்த நாள் முதல் அவள் இடது கையை உடம்போடு சேர்த்துத் தைத்தாள். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து வலது கையை நான் தைத்தேன். என் பெயர் ஜெயலட்சுமி. வெளிநாட்டுக்காரர்கள் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு மலை ஏறும்போது போட்டுக்கொள்கிற மழை ஜெர்கின் அது. காலருக்கு ஒருத்தி, ஜிப்புக்கு ஒருத்தி, தொப்பிக்கு இரண்டு பேர். முழு ஜெர்கினையும் தைக்கத் தெரிந்தவள் என்று அந்த ஹாலில் இருந்த நூற்றிருபது பேரில் ஒருத்தியைக்கூடக் காட்ட முடியாது.

அந்த ஹாலைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது, வெளியாட்களை விடமாட்டார்கள். ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். மழை பெய்கிறதா, வெயில் அடிக்கிறதா என்று தகரக் கூரையின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாத்ரூம் போக ஒரு டோக்கன், முப்பது பேருக்கு ஒன்று. யாராவது அதை எடுத்துக்கொண்டு போய் அழுதுகொண்டிருந்தால் மற்ற இருபத்தொன்பது பேரும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே விடும்போது கேட்டில் லட்சுமம்மா எங்கள் பையைக் கொட்டிப் பார்ப்பாள், இடுப்பைத் தடவிப் பார்ப்பாள். ஒரு முழம் நூல் இருந்தாலும் திருட்டு. எனக்கு முதல் வருஷம் முழுக்க உடம்பு பற்றி எரிந்தது. அப்புறம் பழகிவிட்டது, அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

சரளா வாயில்லாப் பூச்சி என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. அவள் கண் சும்மா இருக்காது. கை தன்பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கும், கண் மட்டும் முன் வரிசையில் தொப்பி தைப்பவளின் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், ஜெர்கினில் தொங்கவிடுகிற அட்டையில் இருந்த படத்தைப் பற்றிப் பேசினாள்.

“அந்த அட்டைல ஒரு பொம்பளை நிக்கிறா பாத்தியா ஜெயா? மலை உச்சில, தனியா.”

“நிக்கட்டும். அவளுக்கு வீட்ல வேலை இல்லே போல.”

“சுத்தி ஒருத்தரும் இல்லே. யாரும் அவளைக் கூப்பிடலே. அதான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

நான் சிரித்துவிட்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

2003-ல், ஜூன் மாதம். ஆடுகோடியில் சரளா இருந்த வட்டாரத்தில் வீணா என்று ஒரு பெண் குடியிருந்தாள், பேங்கில் வேலை. விடுமுறை விட்டால் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மலையேறப் போவாள். தண்ணீர்க் குழாயடியில் பழக்கம். அவள் சரளாவைக் கூப்பிட்டிருக்கிறாள். ஆகஸ்ட் பதினைந்து வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் ஞாயிறோடு மூன்று நாள். குமார பர்வதம் என்கிற மலை. வியாழக்கிழமை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ், மேலே கூடாரம் போட்டுத் தங்குவது. செலவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டாள்.

“மேல சாமி இருக்கா?” என்று கேட்டேன்.

“கீழே கோயில் இருக்கு. மேல ஒண்ணும் இல்லே.”

“அப்புறம் எதுக்குடி போறே?”

“போறதுக்குத்தான்.”

வீட்டில் கேட்பதற்கு அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் புருஷன் வீட்டையும் அம்மா வீட்டையும் தவிர அவள் வேறெங்கும் படுத்து எழுந்ததில்லை. அவள் புருஷன் உத்தமன் கெட்டவன் இல்லை. பீன்யாவில் லேத் ஓட்டுகிறான், குடி கிடையாது, கை நீட்ட மாட்டான். ஆனால் எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்ட வேண்டும். கீழே முருகன் கோயில் இருப்பதைச் சொல்லி, எட்டாவது படிக்கிற மகளை நான் மூன்று நாள் வைத்துக்கொள்வதாகவும் அவள் சொன்ன பிறகு, ஒருவழியாகத் தலையாட்டினான். ஆட்டும்போதே ஒரு பூட்டும் போட்டான். “இந்த ஒரு தடவைதான். மறுபடியும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.” அவள் சரியென்று சொல்லிவிட்டாள். அவளுக்கு ஒரு தடவைதான் வேண்டியிருந்தது.

வீணா ஒரு நிபந்தனை சொல்லியிருந்தாள். அவரவர் சுமையை அவரவர்தான் தூக்க வேண்டும், மொத்தப் பையும் ஆறு கிலோவைத் தாண்டக் கூடாது, குடை உதவாது, ஜெர்கின் கட்டாயம் வேண்டும். நாங்கள் தைக்கிற ஜெர்கின் ஒன்று அறுநூறு கிராம். அதை வாங்குகிற யோக்கியதை எங்களுக்கு இல்லை என்பது வேறு விஷயம். சரளா யோசித்தாள். யோசித்து, “நானே தைக்கிறேன். கால் கிலோவுக்குள்ள,” என்றாள்.

சிக்பேட்டில் ஏற்றுமதி மிச்சத் துணியைக் கிலோக் கணக்கில் விற்கிற கடைகள் உண்டு. போய்க் கிளறி ஒரு துணியைக் கொண்டுவந்தாள். செங்கல் நிறம், ஊதினால் பறக்கும், உள்பக்கம் வெள்ளைப் பூச்சு. போன வருஷம் நாங்களே தைத்த ஆர்டரின் மிச்சத் துணி மாதிரி இருந்தது. பில் எல்லாம் அந்தக் கடையில் கிடையாது, தராசும் சாக்குமூட்டையும்தான்.

துணியை வெட்டுவதற்கான பேட்டர்ன் தாளை யார் கொடுப்பார்கள்? பதினோரு வருஷம் கண்ணால் பார்த்ததை அவள் நியூஸ் பேப்பரில் வெட்டினாள். வீட்டுத் தையல் மெஷினில் இடது கை முதல் தடவையே அச்சாக வந்தது. வலது கைக்கு என்னைக் கேட்டாள், சொல்லிக்கொடுத்தேன், அது என் பங்கு. தொப்பி நாலு தடவை பிரித்துத் தைத்தது. குண்டூசி குத்தினால் ஓட்டை விழும் என்று கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப்பை மாட்டி மாட்டித் தைத்தாள். ஊசி எல்லாவற்றிலும் மெல்லியது. லைனிங் வேண்டாம், பாக்கெட் ஒன்று போதும், ஜிப் கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும்தான், மணிக்கட்டில் பட்டைக்குப் பதில் எலாஸ்டிக். தைத்த பிறகு உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஓரங்களைக்கூட விடாமல் நறுக்கினாள். முடித்ததும் மூலைக் கடை செட்டியாரிடம் கொண்டுபோய்த் தராசில் போடச் சொல்லியிருக்கிறாள். இருநூற்றுப் பத்து கிராம். சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கியது. மறுநாள் என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முப்பத்தைந்து வயதில் முதல் தடவையாக அவள் ஒரு முழுத் துணியைத் தைத்திருந்தாள்.

ஜூலைக் கடைசியில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு ஆடுகோடி சிக்னலிலிருந்து வீடு வரைக்கும் வேண்டுமென்றே மெதுவாக நடந்திருக்கிறாள். வீட்டுக்குப் போய்க் கழற்றினால் தோள், கக்கம், கழுத்து, எல்லாம் தொப்பல். துணியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. தையலில் இறங்கியிருக்கிறது, ஒவ்வொரு ஊசி ஓட்டையிலும்.

இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பதினோரு வருஷம் மழை ஜெர்கின் தைத்த எங்களுக்கு, மழையை நிறுத்துவது எது என்று தெரியாது. நாங்கள் தைத்த பண்டல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் டேப் ரூமுக்குப் போகும். அங்கே சூடான மெஷினில் தையல்மேல் பட்டையாக டேப் ஒட்டுவார்கள். உள்ளே ஏ.சி., எங்களுக்கு அனுமதி இல்லை. அந்த டேப்பை அழகுக்காக ஒட்டுகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

டேப் ரூமில் ராதா என்று ஒரு பெண், நல்லவள். சரளா அவளைக் கேட்டாள். டேப் ரோலின் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும், அதைக் குப்பையில்தான் போடுவார்கள், அதை வைத்தே ஒட்டிவிடலாம், சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம் போதும் என்று ராதா சொன்னாள். ஆகஸ்ட் பதின்மூன்று, புதன்கிழமை. டிபன் பாக்ஸுக்கு அடியில் ஜெர்கினை வைத்துச் சரளா உள்ளே கொண்டுவந்தாள். காலையில் கேட்டில் யாரும் பையைப் பார்ப்பதில்லை. ராதா சொன்னபடி ஒட்டிக் கொடுத்தாள். குழாயடியில் கழுத்துப் பக்கத்தைப் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். உள்ளே சொட்டு இல்லை. மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

ஐந்தரைக்குக் கேட்டு வரிசையில் நிற்கிறோம். முன்னால் நாலு பேர். சரளா திரும்பி என்னைப் பார்த்தாள், முகத்தில் ரத்தம் இல்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. உள்ளே வந்த பொருள் வெளியே போக வேண்டுமே. தன் காசு, தன் துணி, தன் தையல் என்று அவள் மனசு நிம்மதியாக இருந்துவிட்டது. கேட்டுக்கு அதெல்லாம் தெரியுமா? பின்னால் இருபது பேர் நெருக்கினார்கள். வரிசையை விட்டு விலகினாலே சந்தேகம். 

“இது ஏனு சரளா?” என்று கன்னடத்தில் கேட்டாள் லட்சுமம்மா. அவள் கையில் செங்கல் நிறத்தில் அந்த ஜெர்கின்.

“என்னோடது லட்சுமம்மா. நானே தைச்சது.”

லட்சுமம்மாவும் பாவம், பதினோரு வருஷப் பழக்கம். ஆனால் பக்கத்தில் செக்யூரிட்டி ஆபீசர் நின்றுகொண்டிருந்தான். அவள் ஜெர்கினை அவனிடம் நீட்டினாள். ஜெர்கின் உள்ளே போய்விட்டது. காலையில் புருஷனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிச் சரளாவை வெளியே விட்டார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. பஸ் அன்றைக்குத்தான். காலை எட்டரைக்குப் பி.எம். ரூம். புரொடக்‌ஷன் மேனேஜர் ராஜேஷ்குமார், கோயம்புத்தூர்க்காரர், மேஜைமேல் ஜெர்கினை விரித்து வைத்திருந்தார். சரளா ஒரு பக்கம், லீவு போட்டு வந்த உத்தமன் ஒரு பக்கம், பக்கத்து மெஷின்காரி என்பதால் சாட்சிக்கு நான்.

“துணி நம்மளுது, டேப்பும் நம்மளுது,” என்றார் பி.எம். “நீ கை தைக்கிறவ. காலர் யார் தைச்சாங்க? தொப்பி யாரு? டேப் ஒட்டினது யாரு? உள்ள ஒரு கூட்டமே நடக்குதுங்களா? பேரெல்லாம் சொல்லிப்போடு, உனக்கு மெமோவோட விட்டுடறேன்.”

“துணி சிக்பேட்ல வாங்கினது சார். யாரும் இல்லே. நான்தான்.”

“காதுல பூ சுத்தாதே. லைன்ல இருக்கற ஒருத்திக்கும் முழு பீஸ் தைக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நாங்க அப்படித்தானே வெச்சிருக்கோம்.”

உத்தமன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். எனக்கு ராதாவின் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று பயம். சரளா மட்டும் நிதானமாக இருந்தாள். முந்தின நாள் கேட்டில் வெளிறிய முகம் இல்லை அது. இரவெல்லாம் ஒரு முடிவெடுத்துவிட்டு வந்தவளின் முகம். எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

“சார், பேரு ஒண்ணும் இல்லே,” என்றாள். “எல்லாம் நானே எடுத்தேன்னு எழுதிக் குடுங்க, கையெழுத்து போட்டுட்டு இப்பவே…”

அவளை நான் முடிக்கவிடவில்லை. என் வாய் எப்போதுதான் சும்மா இருந்தது?

“என்ன சார் நியாயம் இது? இவ திருடியா? முழுசும் இவளே தைச்சது சார். பேட்டர்னை நியூஸ் பேப்பர்ல வெட்டி, வீட்டு மெஷின்ல. நம்பலேன்னா இங்கயே உக்கார வெச்சுப் பாருங்க. பீஸ் குடுங்க, தைச்சுக் காட்டட்டும். தைக்கலேன்னா என்னையும் சேத்து அனுப்புங்க.”

சரளா என் பக்கம் திரும்பினாள். “ஜெயா, வேணாம்,” என்று ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னாள். பயத்தில் சொல்கிறாள் என்று நினைத்து அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன். பி.எம். ஜெர்கினை எடுத்து ஒரு தடவை புரட்டினார், கையில் வைத்து எடை பார்த்தார். “சரி, தைக்கட்டும்,” என்றார்.

புது மாடலுக்கு மாதிரி தைக்கிற சாம்பிள் ரூமில் மெஷின் போட்டுக் கொடுத்தார்கள். பேட்டர்ன் வெட்ட வெறும் பேப்பர், கத்தரி ஒன்று, துணி. கண்ணாடி வழியாக ஹால் முழுக்கப் பார்த்தது, சூப்பர்வைசர்கள்கூட யாரையும் அதட்டவில்லை. முதல் பத்து நிமிஷம் அவள் கை ஓடவில்லை. துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். வேண்டுமென்றே கெடுத்துவிடலாமா என்று அவள் அப்போது யோசித்திருக்கிறாள், எனக்கு அது தெரியாது. அப்புறம் ராதா கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்தாள். கெடுத்தால் கூட இருந்தவர்களைத் தேட ஆரம்பிப்பார்கள். கத்தரியை எடுத்தாள். இரண்டே முக்கால் மணி நேரம். தொப்பி இந்தத் தடவை பிரிக்காமல் வந்தது. கடைசி நூலை நறுக்கியதும் பி.எம். இரண்டு ஜெர்கினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், டேப் ஒட்டாத புதியதை டிஜிட்டல் தராசில் போட்டார். “இருநூத்திப் பத்து,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஹாலில் யாரோ கை தட்டினார்கள். யாரோ என்ன, நான்தான். எல்லோரும் தட்டினார்கள்.

“சரளா, மெமோ இல்லே, ஒண்ணும் இல்லே. டேப் யாரு ஒட்டினாங்கன்னும் கேக்கலே,” என்றார் பி.எம். அவர் குரலே மாறியிருந்தது. “திங்கக்கிழமை வெளிநாட்டுல இருந்து பையர் வராங்க, நம்ம சரக்கை வாங்கறவங்க. எடை கம்மியா ஒண்ணு காட்டுன்னு ஆறு மாசமா கேக்கறாங்க. இந்த மாடல்ல எல்லா சைஸும் வேணும், ஆறு பீஸ். இனிமே நீ சாம்பிள் டெய்லர். சம்பளம் வேற. நாளைக்குக் காலைல எட்டரைக்கு இங்க இருக்கணும்.”

“சார், நாளைக்கு லீவுங்களே. சனிக்கிழமைக்கும் எழுதிக் குடுத்திருக்கேன்.”

“கொடி ஏத்தறதை நாங்க பாத்துக்கறோம். சாம்பிள் ரூமுக்கு லீவு எங்க இருக்கு? வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் உக்காந்தாத்தான் முடியும்.”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் உத்தமன் கைகூப்பி, “வருவா சார், கண்டிப்பா வருவா,” என்றான். காலையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த தலை இப்போதுதான் நிமிர்ந்திருந்தது. அவன் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததே இல்லை. சரளா அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லி நானே என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அவள் தைத்த ஜெர்கின் கம்பெனியிலேயே தங்கிவிட்டது, மாதிரிக்கு வேண்டுமாம். அதை அவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வீணாவின் கூட்டம் ஒன்பது பேரோடு போய்விட்டு வந்தது. உத்தமன் சொன்ன ஒரு தடவை அத்தோடு முடிந்தது.

அந்த மாடல் நாலு வருஷம் ஓடியது. மூன்று நிறம், எத்தனையோ ஆயிரம். அதன் வலது கையை நான்தான் தைத்தேன். சரளா சாம்பிள் ரூமில் பெரியவளாகிவிட்டாள், அவளுக்குக் கீழே மூன்று பேர். சாம்பிள் ரூமில் வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது, ஏ.சி. போட்டு அடைத்திருப்பார்கள். லட்சுமம்மா அவள் பையைக் கொட்டுவதில்லை, சும்மா தொட்டு அனுப்பிவிடுவாள். மலையைப் பற்றி அவள் அப்புறம் பேசவே இல்லை. நான் பேசினேன். புதிதாக எந்தப் பெண் சேர்ந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்வேன். திருட்டுப் பட்டம் கட்டி வெளியே தள்ள இருந்தவளை என் வாய்தான் காப்பாற்றியது என்று முடிப்பேன். சரளா பக்கத்தில் இருந்தால் சிரித்துக்கொண்டு சாப்பிடுவாள்.

2007-ல் ஒருநாள், ஓசூர் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த இரண்டு பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். “அன்னிக்கு நான் மட்டும் வாயைத் தொறக்கலேன்னா இந்த அக்கா இன்னிக்கு எங்க இருப்பாங்க தெரியுமா?” என்றேன்.

சரளா டிபன் பாக்ஸை மூடினாள். கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“வேலை போயிருக்கும் ஜெயா. இந்த ரோட்ல நாப்பது கார்மெண்ட்ஸ் இருக்கு, அடுத்த வாரமே வேற எங்கயாவது கை தைச்சிருப்பேன். அன்னிக்குக் கையெழுத்து போட்டுட்டு நேரா பஸ்ஸுக்குப் போறதாத்தான் இருந்தேன். மழைக்குப் பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன்.”

கையிலிருந்த சோற்றை டிபன் பாக்ஸிலேயே போட்டேன். “ஏன்டி அப்பவே சொல்லலே?” என்று கேட்டேன்.

“சொன்னேனே. வேணாம்னு சொன்னேன்.”

மணி அடித்தது. அந்தப் பெண்கள் எழுந்து ஓடினார்கள். சரளா எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து, என் தோளில் கையை வைத்து, “ராத்திரி பத்தேகாலுக்கு பஸ். பதினாலாம் நம்பர் சீட்டு, ஜன்னல் பக்கம்,” என்று சொல்லிவிட்டுச் சாம்பிள் ரூமுக்குப் போனாள்.